சூளைக்குள்ளே லடாக்

என் மாமனார் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து சொல்கிறேன். சாப்பிட்டதும் கண்ணைச் சொருகினால் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவார். காய்ச்சல் அடித்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் படுங்களேன் என்றால், "பகல்ல படுக்கறதுக்கு நான் என்னா புள்ள பெத்தவளா?" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

அவர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளைக்கு நெருப்புப் போடுகிறவர். நிலக்கரியை வாரி வாரிப் போட வேண்டும், சூடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஆள் அசந்தால் உள்ளே இருக்கிற கப்பு, சாசர், ஊறுகாய் ஜாடி அத்தனையும் போச்சு. அதனால் நெருப்புப் போடுகிறவன் படுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். மாமனார் அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த அம்மாவாவது மத்தியானத்தில் கொஞ்சம் கட்டையைச் சாய்த்திருப்பாரா என்று கேட்க எனக்கு ஆசைதான், தைரியம் வரவில்லை.

நானும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தேன். கப்புக்குக் காது ஒட்டுவேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் சூளைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், வரிசையில் நின்று, நெஞ்சை விரித்துக் காட்டிச் சேர்ந்துவிட்டார். எங்கள் கல்யாணம் முடிந்த கையோடு அவரை லடாக்குக்குப் போட்டார்கள். கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொள்கிற பிரிவு. தெருவில் யாராவது விசாரித்தால் மாமனார் "மிலிட்டரியில இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கழுதை சமாசாரம் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

ஒரு வருஷம் கழித்து, தை மாதத்தில், லீவில் வந்தார். ஜங்ஷனில் இறங்கியவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கறுத்த மனுஷனுக்குக் கன்னம் ரெண்டும் செங்கல் நிறத்தில் இருந்தது. மறுநாள் அப்பாவைப் பார்க்கக் கம்பெனிக்கு வந்தார். அங்கே களிமண் மூட்டை இறக்க ஆள் பற்றாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். சும்மா இருக்காமல் ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ஓடினார் என்றால் நிஜமாகவே ஓட்டம். திரும்பி வந்து இன்னொன்று. மூச்சு வாங்கவே இல்லை. மூட்டை தூக்குகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள், அவர்களுக்கென்ன, நல்லதாகப் போயிற்று.

மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. "மலைக்காத்து! எல்லாம் மலைக்காத்து!" என்று கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

"மலையில காத்தே கெடையாது நைனா. அதாலதான் இப்படி," என்றார் இவர்.

அன்று சோறு போடும்போது விவரமாகச் சொன்னார். அந்த உயரத்தில் எவ்வளவு இழுத்தாலும் மூச்சு பத்தாதாம். போன புதிதில் தலை வெடிக்கிற மாதிரி வலிக்குமாம், சோறு இறங்காதாம், தூக்கம் வராதாம், பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தால் ரெண்டு தெரு ஓடின மாதிரி இரைக்குமாம். அப்புறம் உடம்பு மெல்ல மெல்ல வழிக்கு வரும். வேகமாக மூச்சு விடக் கற்றுக்கொள்ளும். ரத்தத்தைக் கூடுதலாகவும் கெட்டியாகவும் ஊற வைக்கும், கிடைக்கிற கொஞ்சம் காற்றை விடாமல் பிடித்துக்கொள்ள. அந்த ரத்தத்தோடு கீழே வந்தால் விருத்தாசலத்துக் காற்று விருந்து மாதிரி. அதனால்தான் மூட்டையோடு ஓட முடிகிறது.

"ஆனா இது எரவல்தான் நைனா. ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல வடிஞ்சிடும். திரும்பப் போனா முதல்லேர்ந்து பழகணும்."

"எப்படிப் பழகறது?"

"படுத்துதான். ப்ளேன்ல ஏத்திப் போயி ஒரேயடியா எறக்கிடுவாங்க. எறங்கின ஒடனே ஒரு வாரத்துக்குக் கட்டாயம் ரெஸ்டு. நடக்கக் கூடாது, தூக்கக் கூடாது, குளிக்கக்கூடக் கூடாது. சும்மா படுத்துக்கெடக்கணும். கீழேர்ந்து புதுசா ஓட்டிக்கிட்டு வர கழுதைக்குமே ரெஸ்டு உண்டு."

மாமனார் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"கழுதைக்குமா?"

"ஆமாம்."

"ஒரு வாரம், பட்டப்பகல்ல, வேலைக்குப் போன எடத்துல என் மவன் படுத்துக்கெடக்கறான். பக்கத்துல கழுதை படுத்துக்கெடக்குது." அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இதை வெளிய யாருகிட்டயும் சொல்லிடாதடா."

அவரிடம் சொல்லாததை இவர் என்னிடம் சொன்னார். இவர் கூடாரத்திலேயே இருந்த ஒரு ஆள், லீவு முடிந்து வந்தவன். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. பொட்டச்சி மாதிரி நான் எதுக்குப் படுக்கணும் என்று, இறங்கின அன்றைக்கே தண்ணீர் டின்னைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறியிருக்கிறான். மறுநாள் இருமல். அதற்கடுத்த நாள் நுரை நுரையாகத் துப்பினான், நுரையில் சிவப்பு. நெஞ்சுக்குள்ளே கொதிக்கிற சத்தம் வெளியே கேட்டதாம். நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டுவிட்டது. கீழே இறக்கினால் பிழைத்திருப்பான், மேகம் மூடிக்கொண்டு ப்ளேன் வரவில்லை. கழுதை முடியலன்னா நின்னுடும், எவ்வளவு அடிச்சாலும் நகராது, மனுஷன்தான் வீம்புக்கு ஏறிச் சாகறான் என்றார். "நீங்க படுப்பீங்க இல்ல?" என்று கேட்டேன். "போன தடவை படுத்தேன்," என்றார். இந்தத் தடவை என்று சொல்லவில்லை. படுப்பேன் என்ற வார்த்தையை இந்த மனுஷன் எனக்குத் தரவே இல்லை. கேட்கக் கேட்கச் சிரித்தார்.

எனக்குத் தெரியும் ஏன் தரவில்லை என்று. வாசலில் மாமனாரின் இருமல் கேட்டாலே கட்டிலிலிருந்து துள்ளி எழுந்து நிற்கிறவர் இவர். அப்பாவுக்குப் பிடிக்காததை அப்பா பார்க்காத இடத்தில்கூடச் செய்ய மாட்டார்.

மாசி மாதம் திட்டக்குடிப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனோம், மூன்று பேரும். திரும்பும்போது பெரிய ஏரிக்கரையில் பஸ்ஸுக்கு நின்றோம். தண்ணீர் ஓரமாக ஒரு கூட்டம் சாம்பல் நிற வாத்து, தலையில் ரெண்டு கறுப்புக் கோடு போட்டது. இவர் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தார்.

"இதுங்களை நான் அங்க பாத்திருக்கேன்! லடாக்குல! கோடைக்கு அங்க இருக்கும், குளிருக்கு இங்க வந்துடும். அம்மாம் பெரிய மலையைப் பறந்தே தாண்டி வருது."

நான் அந்த வாத்துகளை மரியாதையோடு பார்த்தேன். பஸ், ரயில், ப்ளேன் எதுவும் இல்லாமல் என் வீட்டுக்காரர் வந்த தூரம் வந்திருக்கின்றன. மாமனார் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ யோசிக்கிறார் என்றால் நல்லதில்லை.

"திரும்பிப் போனா இது எத்தினி நாளு படுக்குது?" என்றார்.

"வாத்து எதுக்கு நைனா படுக்கப் போவுது? அதுக்கு நெஞ்சு, ரத்தம் எல்லாம் அதுக்குன்னே படைச்சிருக்குது. அந்த ஊரு ஆளுங்களும் அப்படித்தான். பொம்பளைங்க முதுகுல கூடையைக் கட்டிக்கிட்டுப் பாட்டுப் பாடிக்கினே ஏறுவாங்க. பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து அங்கயே இருக்கறவங்க. அங்க ஒரு சடை மாடு இருக்குது. அதைக் கீழ ஓட்டியாந்தா அதுதான் நோவுல படுத்துக்கும்."

"வாத்து படுக்கல, பொம்பளை படுக்கல," என்றார் மாமனார். "நீயும் கழுதையுந்தான் படுக்கறீங்க."

பஸ் வந்தது.

அன்றிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. லீவு முடிவதற்குள் மகனைப் பழக்கிவிட்டால் அங்கே போய்ப் படுக்க வேண்டியதில்லை அல்லவா? காற்று இல்லாத இடத்துக்கு விருத்தாசலத்தில் எங்கே போவது? இப்படி ஒரு கேள்வி வேறு யாருக்காவது வந்திருந்தால் விட்டிருப்பார்கள். மாமனார் சூளைக்காரர். வாலிபத்தில் பாதி ஆறின சூளைக்குள் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு போய், சுட்ட பீங்கான் பண்டம் எடுத்தவர். அப்போது தலை வலித்ததாம், மூச்சு முட்டியதாம், சோறு இறங்கவில்லையாம், போகப் போகப் பழகிவிட்டதாம்.

"இவன் சொல்ற நோவு அத்தினியும் எனக்கு வந்ததுதான்," என்று என்னிடம் சொன்னார். "லடாக்கு இங்கயே இருக்குதும்மா."

நான் வேண்டாம் என்றேன். அது மலை, இது புகை என்றேன். கப்புக்குக் காது ஒட்டுகிறவள் பேச்சு யார் காதில் ஏறும்?

பண்டம் எடுத்துக் காலியாக இருக்கும் நாட்களில், வேலை முடிந்ததும் அப்பனும் பிள்ளையும் சூளைக்குள் போய் உட்கார்ந்தார்கள். வாசலுக்கு ஈரச் சாக்கு. உள்ளே எதிரும் புதிருமாகச் சம்மணம். ஏதோ பூஜைக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வெளியே வருவார்கள். "எப்படிடா இருக்குது?" என்பார் மாமனார். "புழுக்கமா இருக்குது நைனா." மாமனாருக்குத் திருப்தி இல்லை. காற்று இன்னும் கெட்டியாகவே இருக்கிறது என்றார்.

இதற்கிடையில் எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. நிச்சயமாகத் தெரியட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் என் வீட்டுக்காரர் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செங்கல் நிறம் போய் பழைய கறுப்பு திரும்பிவிட்டது. ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்தால் மூச்சு வாங்கினார். இரவல் ரத்தம் வடிந்துவிட்டது. இந்த உடம்போடு போய் இறங்கி, அப்பா பேச்சைக் கேட்டு எழுந்து நடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வயிற்றில் இருப்பதற்கு அப்பா முகம் போட்டோவில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பெனியில் ஆள் இல்லை, வாட்ச்மேன் மட்டும்தான். அவர்கள் இருவரும் காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார்கள். சோற்று நேரத்துக்கு வரவில்லை. நான் தேடிக்கொண்டு போனேன். சூளை வாசலில் சாக்கு மட்டும் இல்லை, இடுப்பு உயரத்துக்குச் செங்கல்லும் அடுக்கியிருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. சாக்கைப் பிடுங்கிப் போட்டேன். உள்ளே நடுவில் ஒரு இரும்புச் சட்டி நிறையக் கரி கனன்றுகொண்டிருந்தது. மிச்சமிருக்கிற காற்றைத் தின்னட்டும் என்று மாமனார் வைத்த சட்டி. என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து தலை தொங்கிப்போயிருந்தார். மாமனார் உட்கார்ந்த வாக்கிலேயே பக்கவாட்டில் சரிந்து கிடந்தார்.

ஐயோ என்று நான் போட்ட சத்தம் ஜங்ஷன் வரைக்கும் கேட்டிருக்கும். கல்லை எப்படித் தள்ளினேன் என்று எனக்கு நினைவில்லை. வாட்ச்மேன் ஓடி வந்தார், எதிர் டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். இருவரையும் இழுத்து வந்து மணலில் போட்டோம். இவருக்குக் காற்றுப் பட்டதும் கண் திறந்தது. மாமனாருக்கு நேரமாயிற்று. நான் செத்துப் பிழைத்தேன். பிறகு அவர் வாந்தி எடுத்தார், அவ்வளவு சந்தோஷமாக ஒரு வாந்தியை நான் பார்த்ததே இல்லை.

கண் தெளிந்ததும் அவர் செய்த முதல் காரியம் எழுந்திருக்கப் பார்த்தது. பட்டப்பகல், டீக்கடை ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள், இவர் மல்லாந்து கிடக்கிறார். கையை ஊன்றினார், திரும்ப மணலிலேயே சரிந்தார்.

"எழுந்திரிக்காதீங்க நைனா," என்றார் இவர், தானும் பக்கத்தில் படுத்தபடி. "படுத்திருங்க."

அதுவரைக்கும் நான் மாமனாரை நேருக்கு நேராக நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு என் வாயை யார் பிடிப்பது?

"அறிவு இருக்குதா ரெண்டு பேருக்கும்? கழுதைக்கு இருக்கற புத்தி இல்லியே! படுத்தா மானம் போயிடுமா? போவட்டுமே! செத்தா திரும்பி வருமா? இந்த மனுஷன் அங்க போயி படுக்கலன்னா பொணமாத்தான் வருவாரு. அதுகூட வராது. எனக்குப் புருஷன் வேணாமா? வயித்துல இருக்கறதுக்கு அப்பன் வேணாமா?"

டீக்கடைக்காரர் ஒருவர் "அட, அப்படியா சங்கதி?" என்றார். இப்படித்தான் என் வயிற்றுப் பிள்ளை சமாசாரம் ஊருக்குத் தெரிந்தது, புருஷனுக்கும் தெரிந்தது. மாமனார் வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். வெயில் தாழும் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

அதற்கப்புறம் லீவு முடியும் மட்டும் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சூளைப் பயிற்சி நின்றது. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. படுத்துக்கொள் என்று மகனிடம் ஒரு வார்த்தை சொல்லுவாரா என்று காத்திருந்தேன், அதுவும் இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் வீட்டுக்காரரிடம் சத்தியம் கேட்டேன். "நைனா மனசு என்னான்னு தெரியலியே," என்றார். பாருங்கள், சாவும் பிழைப்பும் இவருக்கு நைனா மனசில் இருக்கிறது.

பங்குனியில் கிளம்பினார். மெட்ராஸ் வண்டி ஏற்றிவிட ஜங்ஷனுக்குப் போனோம். மாமனார் ட்ரங்குப் பெட்டியை மேலே ஏற்றி வைத்தார், ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார், கீழே இறங்கிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கோ பார்த்தார். "போயிட்டு வரேன் நைனா," என்றார் இவர். "ம்," என்றார். வண்டி ஊதியது, நகர்ந்தது.

ஜன்னல் எங்களைத் தாண்டிப் போனதும் மாமனார் ஓட ஆரம்பித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ப்ளாட்பாரத்தில் வறுத்த மல்லாட்டை விற்கிறவர்களையும் மூட்டைகளையும் இடித்துத் தள்ளிக்கொண்டு, வண்டியோடு ஓடினார்.

"டேய்! படுத்துக்கடா! போன ஒடனே படுத்துக்க! எவன் சொன்னாலும் எழுந்திரிக்காத! படுத்துக்கடா கண்ணு!"

அந்த மனுஷன் வாயிலிருந்து கண்ணு என்ற வார்த்தையை அன்றுதான் கேட்டேன். ப்ளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் தூக்குச்சட்டியோடு நின்ற அம்மா என்னிடம், "பட்டாளத்துக்குப் போற புள்ளைய எதுக்குங்க படுத்துக்கச் சொல்றாரு?" என்றார். "அங்க மொத வேலை அதாங்க," என்றேன்.

ப்ளேன் ஏறுவது இன்ன நாள் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த நாள் மத்தியானம் மாமனார் கம்பெனியிலிருந்து பாதியில் வந்தார். நெருப்புக்கு வேறு ஆளை நிறுத்திவிட்டு வந்தாராம். சாப்பிட்டார். கையைக் கழுவினார். பாயை எடுத்துக் கூடத்தில் விரித்துப் படுத்தார்.

நான் பதறிப்போனேன். "என்னா மாமா, உடம்புக்கு என்னா?"

"ஒண்ணுமில்ல. இன்னிக்கி எறங்கியிருப்பான்."

அவருக்குப் பகலில் படுக்கத் தெரியவில்லை. கையை ரெண்டு பக்கமும் நீட்டி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மேலே கூரையைப் பார்த்தபடி விறைப்பாகக் கிடந்தார். ஏன் மாமா நீங்க படுக்கறீங்க என்று கேட்டேன். பேச மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"அவன் கூச்சப்படுவாம்மா. என் மவன் இல்ல? நான் இங்க நின்னுக்கிட்டிருந்தா அவனும் அங்க எழுந்துக்குவான்."

நான் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இந்தக் கிழவனையா இத்தனை நாள் கரித்துக்கொட்டினேன் என்றிருந்தது. அவர் தினம் வந்தார், தினம் படுத்தார். சொன்ன ஒரு வாரம் முடிந்தும் விடவில்லை. கடுதாசி வரட்டும் என்றார். தெருவில் கேட்டவர்களிடம் மறைக்கவும் இல்லை. "என் மவன் மலையில படுத்துக்கெடக்கறான். அதான் நானும்," என்றார். அவர்கள் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

சித்திரை பிறந்த பிறகு கடுதாசி வந்தது. அவர் பாயில் கிடந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். நைனா சொன்னபடி இறங்கினதும் படுத்துவிட்டேன், கூட வந்தவர்கள் கேலி செய்தார்கள், எங்கப்பா ரயில் கூட ஓடி வந்து சொல்லியிருக்கிறார் என்றேன், அப்புறம் அவர்களும் படுத்துவிட்டார்கள், இப்போது டாக்டர் பார்த்து வேலைக்கு அனுப்பிவிட்டார், நன்றாக இருக்கிறேன்.

"இன்னொரு தரம் படிம்மா," என்றார். படித்தேன். கண்ணோரம் வழிந்து காதுக்குள் போனதை அவர் துடைக்கவில்லை. அப்புறம் எழுந்தார், பாயைச் சுருட்டி மூலையில் வைத்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார்.

"இன்னும் நாலு நாளு சேத்தே படுத்துக்கச் சொல்லி எழுது."

"அதெல்லாம் முடிஞ்சிபோச்சி மாமா. வேலைக்கே போயிட்டாரு."

"பரவால்ல," என்றார். "எழுது."